நடுத்துண்டு

இந்தச் சுடிதாருக்கு இந்தத் துப்பட்டா சேராதுன்னு எனக்கும் தெரியும்ங்க அக்கா. அவிநாசியில நாம ஏறி உட்கார்ந்ததில இருந்து நீங்க அதைத்தான் பார்த்துட்டு வர்றீங்க. தப்பில்லைங்க, யாரா இருந்தாலும் பார்ப்பாங்க. மஞ்சள் சுடிதாருக்கு மெரூன் துப்பட்டா, அதுவும் ஓரம் பூரா ஜிகினா. இன்டர்வியூவுக்குப் போற பொண்ணு போடுற துப்பட்டாவா இது?

ஆமாங்க, இன்டர்வியூவுக்குத்தான் போறேன். கோயமுத்தூர்ல, ஹோப்ஸ் பக்கத்துல ஒரு மோட்டார் பம்பு கம்பெனி. பம்பு சரியா இருக்கான்னு சோதிச்சு, அந்தக் கணக்கையெல்லாம் பார்க்கற வேலை. நான் பி.எஸ்ஸி. கணிதம். பேரு யமுனா.

நான் சாதாரணமா பஸ்ல யார்கிட்டயும் பேச மாட்டேன். உண்மையைச் சொன்னா எங்கேயுமே பேச மாட்டேன். ஆனா நீங்க பார்த்துட்டீங்க. பார்த்தவங்களுக்குக் காரணம் சொல்லலைன்னா எனக்கு மனசு ஆறாது. இத்தனைக்கும் காரணம் எங்க அம்மாயிங்க. அம்மாவைப் பெத்த அம்மாயி. பாவாத்தாள்னு பேரு.

எங்க வீட்டுப் பக்கத்துல ஒரு பிரசவ ஆஸ்பத்திரி இருக்கு, கவர்மென்ட்டோடது. அங்க போய் 'பாவாத்தா'ன்னு சொன்னீங்கன்னா கேட் தானா திறக்கும். அம்மாயிக்கு அங்க வேலை எதுவும் கிடையாது. சம்பளம் கிடையாது. காலையில காப்பி குடிச்சிட்டுக் கிளம்பினா விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வரும். வெந்நீர் வாங்கித் தரும். துணைக்கு ஆள் வராத பொம்பளைங்க கையைப் பிடிச்சிட்டு நிற்கும். வாசல்ல பீடி குடிக்கிற புருஷமாருங்களை விரட்டும். ஒருதரம் காய்ச்சல் வந்து அம்மாயி ரெண்டு நாள் போகலை. புதுசா வந்த டாக்டரம்மா, 'ஏன் லீவு சொல்லாம நின்னீங்க'ன்னு கோவிச்சுக்கிட்டாங்களாம். அம்மாயியும் 'இனி சொல்லிட்டு நிக்கறனுங்க'ன்னு மன்னிப்புக் கேட்டுட்டு வந்துச்சு.

எல்லாரும் சொல்வாங்க, பாவாத்தாளுக்கு எவ்வளவு நல்ல மனசுன்னு. நானும் சொல்றேன், நல்ல மனசுதான். ஆனா அந்த நல்ல மனசு எடுத்துக் கொடுக்கறது யாரோட சாமான்? அதை யாரும் கேட்கறதில்லை. எங்கப்பா குடை போச்சு. எங்கம்மா சீட்டுப் போட்டு வாங்கின ஃபிளாஸ்க் போச்சு. என் தலையணை போச்சு. ஒரு நாள் அப்பா சாப்பிட உட்கார்ந்தா, அவரு தட்டைக் காணோம்.

"அத்தை, என்ற தட்டு எங்கீங்க?"

"ஏழாம் பெட்டுக்காரி தட்டில்லாம வந்துட்டாளுங்க மாப்பிள்ளை. நீங்க எலையில சாப்புடுங்க. ஒடம்புக்கு நல்லது."

அப்பா அன்னையில இருந்து இலையிலதான் சாப்பிடறாரு. எங்க வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க எல்லாம், ஏதோ விசேஷம் போலன்னு நினைச்சுக்கறாங்க.

இதெல்லாம்கூடப் பரவாயில்லைங்க. என் பிரச்சினை மெத்தை.

அம்மாயி காலமெல்லாம் பனியன் கம்பெனியில டைலர். தாத்தா சீக்கிரமே போயிட்டாரு. மிஷினுக்குப் பக்கத்துல அட்டைப்பெட்டியில படுக்க வச்சுத்தான் எங்கம்மாவை வளர்த்துச்சு. இப்ப வேலைக்குப் போறதில்லை, ஆனா மிஷினை மட்டும் விட மாட்டேங்குது. கம்பெனியில வெட்டி மிஞ்சின துணியை அம்மாயிக்குச் சும்மாவே மூட்டை கட்டித் தருவாங்க. அதை அடுக்கடுக்கா வச்சு, நெருக்கமா நூலோட்டி, குழந்தை படுக்கற அளவுக்கு மெத்தை தைக்கும். அந்த ஆஸ்பத்திரியில பிறக்கற குழந்தை ஒவ்வொண்ணுக்கும் அம்மாயி கையால ஒரு மெத்தை.

பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாதுன்னு உங்க பக்கமும் சொல்வாங்கதானே? பழசுதான் முதல்ல போடணும், அதுவும் நல்லா வாழ்ந்தவங்க உடுத்தின பழசு. அம்மாயி அதை ஒரேயடியா பிடிச்சுக்கிச்சு. மெத்தையோட நாலு பக்கமும் கம்பெனித் துணி. நடுவுல ஒரே ஒரு சதுரம் மட்டும், யாராவது ஒரு நல்ல ஆளு உடுத்திப் பழசான துணி. அதுக்கு நடுத்துண்டுன்னு பேரு. குழந்தையோட முதுகு அதுமேலதான் படணும். அந்த ஆளோட குணம் முதுகு வழியா ஏறிடுமாம்.

நடுத்துண்டுக்கு ஆள் பிடிக்கிறதுதான் அம்மாயிக்குப் பாதி வேலை. எங்க தெருவுல ஒரு வக்கீல் இருக்காரு. அவர் வேட்டிக்கு எப்பவும் கிராக்கி. இத்தனை வருஷத்துல ஒரு கோழிமேலகூட ஏத்தாத பஸ் டிரைவர் ஒருத்தர், அவரோட காக்கிச் சட்டை. மாமியார்கிட்ட ஒரு வார்த்தை வாங்காத மருமக புடவைன்னு ஒண்ணு ரொம்ப காலமா தேடிட்டு இருக்கு, இன்னும் அகப்படலை. அப்புறம் ஒரு மில்லு வாட்ச்மேன். ராத்திரிக் காவல். அவர் சட்டையை நடுத்துண்டா வச்சா குழந்தை விடிய விடிய அசையாம தூங்கும். அவர் அப்படித் தூங்குவாரு. அவருக்கே இது தெரியாது. "என்ற சட்டையை எதுக்குங்க இத்தனை பேரு கேக்கறாங்க"ன்னு ஒருநாள் கேட்டாரு. "உங்க பொறுப்புக்குத்தானுங்க"ன்னு அம்மாயி சொல்லிருச்சு. மனுஷன் கண் கலங்கிட்டாரு. அடுத்த நாள் யூனிபார்மையே கொண்டாந்து கொடுத்துட்டாரு.

இப்படிப் போயிட்டு இருந்தப்பதான் நான் டிகிரி முடிச்சேன்.

எங்க வம்சத்துல முதல் டிகிரிங்க. அப்பா அஞ்சாவது. அம்மா எட்டாவது. அம்மாயி கைநாட்டு. பட்டமளிப்பு விழா முடிஞ்சு வந்து, கழட்டிப் போட்ட சுடிதாரைத் துவைக்கலாம்னு தேடினா, அது நடுவுல சதுரமா ஓட்டையோட கிடக்கு. அம்மாயி ஆஸ்பத்திரி பூரா சொல்லிருச்சு: "என்ற பேத்தி துணி. டிகிரி."

அதுக்கப்புறம் எனக்குத் துணியே நிக்கலைங்க. பெண் குழந்தை பிறந்தா என் துணிதான் வேணும்னு கேட்க ஆரம்பிச்சுட்டாங்க. ஸ்கூல் யூனிபார்ம் முதல்ல போச்சு, அதுல எனக்கு வருத்தமில்லை. காலேஜ் சுடிதார் ஒண்ணொண்ணா போச்சு. நைட்டி போச்சு. நான் முகம் துடைச்சிட்டுப் போட்ட துண்டைக்கூட விடலை. தெருவுல நடந்து போனா யாராவது ஒரு பொம்பளை குழந்தையைத் தூக்கிக் காட்டி, "இவங்கதாண்டி கண்ணு, உன்ற நடுத்துண்டு"ன்னு சொல்றாங்க.

எனக்கு இந்த ராசியில எல்லாம் நம்பிக்கை கிடையாதுங்க. நான் கணக்குப் படிச்சவ. நிகழ்தகவுன்னு ஒரு பேப்பரே இருக்கு. துணி வழியா படிப்பு ஏறும்னா இஸ்திரிக்கடைக்காரர் இந்நேரம் டாக்டர் ஆகியிருக்கணும். அம்மாயிகிட்ட இதைச் சொன்னேன். "அவரு நம்ம துணியை உடுத்தறதில்லையே, தேய்க்கத்தானே செய்யறாரு"ன்னுச்சு.

அம்மாயிக்கு இந்தப் பைத்தியம் வந்ததே என்னாலதான்னு அம்மா சொல்வாங்க. நான் அதே ஆஸ்பத்திரியிலதான் பிறந்தேன். நல்ல மழைக்காலம். வலி திடீர்னு வந்ததால கையில மாத்துத்துணி ஒண்ணும் கொண்டு போகலை. பக்கத்துப் பெட்டுக்குத் துணைக்கு வந்திருந்த ஒரு வயசான அம்மா, தன் புடவையில பாதியைக் கிழிச்சு என்னைச் சுத்திக் கொடுத்துட்டு, மீதிப் பாதியைக் கட்டிக்கிட்டு அன்னைக்கே ஊருக்குப் போயிட்டாங்களாம். "யாரோ பெரிய படிப்பாளி அவ. அதுதான் நீ படிச்சே"ன்னு அம்மாயி இன்னமும் சொல்லும். யாருன்னே தெரியாதுங்க. பேருகூடக் கேட்கலை. புடவையில வெத்தலைக் கறை இருந்துச்சுன்னு அம்மா சொல்றாங்க. படிப்பாளியாம். இதெல்லாம் ஆதாரமில்லாத பேச்சு. சரி, அதை விடுங்க.

நீலச் சுடிதாருக்கு வர்றேன்.

என்கிட்ட ஒரு நீலச் சுடிதார் இருந்துச்சு. சின்னச் சின்ன வெள்ளைப்பூ போட்டது. அதைப் போட்டுட்டுத்தான் எல்லாப் பரீட்சையும் எழுதினேன். ராசின்னு இல்லை. பழக்கம். ஒரே ஒருதரம் அது காயாம போய், பச்சைச் சுடிதார்ல போனேன். ரியல் அனாலிசிஸ் பேப்பர். அதுல மட்டும் போச்சு. அது தற்செயல். அந்த அரியரை நீலத்துல எழுதி பாஸ் பண்ணினேன். அது நல்லாப் படிச்சதால. பாதுகாக்கணும்னு அதை மட்டும் அம்மாயி கண்ணுல படாம, கேஸ் சிலிண்டருக்குப் பின்னாடி கவர்ல சுத்தி வச்சிருந்தேன்.

இதுக்கு முன்னாடி போன இன்டர்வியூவுக்கெல்லாம் அதைப் போடாம இருந்ததுதான் தப்பு. ஃபிரெண்ட்ஸ் எல்லாரும் புடவைதான் மரியாதைன்னு சொன்னதைக் கேட்டுப் புடவையில போனேன். எல்லா இடத்துலயும் முதல் கேள்வி ஒண்ணுதான், 'உங்களைப் பத்திச் சொல்லுங்க'. எனக்கு ஒரு வாக்கியம் வாயில வந்தா, அது முழுசா உண்மையான்னு பார்த்துட்டுத்தான் வெளிய விட முடியும். 'நான் கடின உழைப்பாளி'ன்னு சொல்லலாம்னு வாயைத் திறப்பேன். உடனே எங்கம்மா ஞாபகம் வரும். பனியன் கம்பெனியில காலையில இருந்து நின்னுட்டே துணி செக்கிங் பண்றாங்க. அவங்க இருக்கறப்ப நான் எப்படி அந்த வார்த்தையைச் சொல்றது? சரி, 'எல்லாரோடவும் பழகுவேன்'னு சொல்லலாம்னா, அதுவும் பொய். நான் யோசிச்சிட்டு இருக்கும்போதே அவங்க 'நன்றிம்மா, தகவல் சொல்றோம்'னு எழுந்துடுவாங்க. இதுவரைக்கும் ஒரு தகவலும் வரலை.

இந்தத் தடவை வேலை கிடைக்கலைன்னா, அம்மாவோட செக்கிங்குக்கு வர்றேன்னு வீட்டுல சொல்லிட்டேன். அம்மா 'சரி'ன்னும் சொல்லலை, 'வேண்டாம்'னும் சொல்லலை. அடுப்பைத் துடைச்சாங்க. துடைச்ச இடத்தையே துடைச்சிட்டு இருந்தாங்க.

அதனால இந்தத் தடவை நீலம்னு முடிவு பண்ணினேன். ஒரு சௌகரியத்துக்கு. வெள்ளிக்கிழமை துவைச்சுக் காயப் போட்டேன். ராத்திரி மறந்துட்டேன். சனிக்கிழமை சாவகாசமா எடுத்து இஸ்திரி போடலாம்னு போனா, கொடியில கிளிப் மட்டும் இருக்கு.

மத்தியானம் அம்மாயி சாப்பிட வந்துச்சு.

"அம்மாயி, என்ற நீலச் சுடிதார் எங்க?"

"எந்த நீலம்?"

"கொடியில காஞ்சது. வெள்ளைப்பூ போட்டது."

"அதா. அது ஆஸ்பத்திரில இருக்குது."

"ஆஸ்பத்திரில என்ன பண்ணுது?"

"அது மேல ஒரு புள்ள தூங்குது, சாமி. நேத்துப் பொறந்தது. மூக்கைப் பாக்கோணுமே நீ, கிளி மூக்காட்ட இருக்குது."

"எனக்கு திங்கக்கிழமை இன்டர்வியூ."

"அதுக்கு வேற துணி இல்லியா?"

"எனக்கு அதுதான் வேணும்."

அம்மாயி சோத்துல வச்ச கையை எடுக்காம என்னைப் பார்த்துச்சு. "ஏன், அதுல அப்பிடி என்ன இருக்குது?"

அங்க மாட்டிக்கிட்டேன் பாருங்க. எத்தனை நாள் இதே வாயால ராசியாவது கீசியாவதுன்னு பேசியிருக்கேன். "போட்டா சௌகரியமா இருக்கும்"னேன்.

"அந்தப் புள்ளைக்கும் சௌகரியமாத்தான் இருக்குது"ன்னு மோரை ஊத்திக்கிச்சு.

நான் ஒரு முடிவுக்கு வந்தேங்க. சுடிதாரை இனி திரும்ப வாங்க முடியாது, வெட்டியாச்சு. ஆனா அந்த நடுத்துண்டுல இருந்து ஒரு ஓரம், ஒரு கைக்குட்டையில பாதி அளவு, கிடைச்சாப் போதும். பையில வச்சுக்கலாம். ராசிக்கு இல்லைங்க, ஒரு ஞாபகத்துக்கு. அம்மாவோட டிரிம்மரை எடுத்துக்கிட்டேன். பனியன் கம்பெனியில நூல் வெட்டுற குட்டிக் கத்தரி, உள்ளங்கைக்குள்ள அடங்கும். அம்மாயி சாப்பிட்டுக் கண்ணசந்த நேரமா பார்த்து ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கேட்டுல, "பாவாத்தா பேத்தியா? போ அம்மிணி"ன்னு விட்டுட்டாங்க. வார்டுல எல்லாரும் மத்தியானத் தூக்கம். மூணாம் பெட்டுல ஒரு பொண்ணு, என் வயசுதான் இருக்கும், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தா. பக்கத்துல தொட்டில்ல குழந்தை. அதுக்கு அடியில என் நீலம். குழந்தையோட கால்மாட்டுல துணி கொஞ்சம் மடங்கி இருந்துச்சு. அங்க மெல்ல வெட்டினா யாருக்கும் தெரியாது. குனிஞ்சேன்.

அந்த நேரத்துக்கா அந்தப் பொண்ணோட மாமியார் டீ வாங்கிட்டு வரணும்?

"ஏ, யாரு நீ? கையில என்ன அது? ஏனுங்க, எல்லாரும் இங்க வாங்க, புள்ளைகிட்ட ஒருத்தி கத்திரி வச்சுட்டு நிக்கறா."

வார்டே எழுந்திருச்சு.

"புள்ள திருட வந்தவளா இருக்கும்."

"திருட வந்தவ எதுக்குக் கத்திரி கொண்டாறா?"

"தொப்புள்கொடி வெட்ட வந்திருப்பாளோ?"

"அது நேத்தே வெட்டியாச்சு. கொஞ்சம் சும்மா இரு."

பெட்டைச் சுத்தி ஆளுங்க. ராமாத்தாள்னு அந்த மாமியாருக்குப் பேரு. டீயை ஸ்டூல்ல வச்சுட்டு, இடுப்புல கை வச்சு நின்னாங்க. "வாயத் தொறந்து சொல்லு. யாரு நீ?"

"நான் பாவாத்தாள் பேத்திங்க."

எல்லாரும் கொஞ்சம் அடங்கினாங்க. "டிகிரிப் பொண்ணா?"ன்னு யாரோ பின்னாடி கேட்டாங்க.

"ஆமாங்க. இது என் துணிங்க. ஒரு சின்ன ஓரம் மட்டும் வெட்டிக்கலாம்னு வந்தேன்."

"குடுத்ததை வந்து வெட்டிட்டுப் போவியா? எதுக்கு?"

"திங்கக்கிழமை இன்டர்வியூங்க."

"எதுக்கு இன்ட்ரூ? நீதான் படிச்சு முடிச்சு வேலையில இருக்கறையே?"

அம்மாயி அப்படிச் சொல்லியிருக்கு பாருங்க. 'ஆமா'ன்னு தலையாட்டியிருந்தா முடிஞ்சிருக்கும். எனக்கு அது வரலை.

"வேலை இல்லீங்க."

"இல்லைன்னா?"

"தேடிட்டு இருக்கேன். எல்லா இடத்துலயும் வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

ராமாத்தாள் வார்டைச் சுத்திப் பார்த்தாங்க. "கேட்டுக்குங்க. கெழவி என்னமோ கலெக்டரு துணி கணக்காச் சொல்லுச்சு." அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீ ஓரமெல்லாம் வெட்ட வேண்டாம் சாமி. முழுசாவே எடுத்துட்டுப் போ. நான் மொதல்லயே அந்த வாட்ச்மேன் சட்டையைத்தான் கேட்டேன். பொட்டப் புள்ள, சத்தமில்லாம தூங்குனாச் செரி."

நீங்களே சொல்லுங்க. எடுத்துட்டுப் போன்னு சொல்லிட்டாங்க. நான் வந்த காரியம் முடிஞ்சது. நான் கேட்டது அரைக் கைக்குட்டை, கிடைச்சது முழு மெத்தை. எடுத்துட்டு நான் பாட்டுக்கு வந்திருக்கணும்.

வாட்ச்மேன் சட்டையாங்க? என் நீலச் சுடிதாருக்குப் பதிலா வாட்ச்மேன் சட்டையா?

எனக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியலை. "அந்தச் சட்டையில என்னங்க இருக்கு?"ன்னு கேட்டேன். "அவர் தூங்கறதுக்குச் சம்பளம் வாங்கறாருங்க. இது நான் பரீட்சை எழுதின துணி. இதுல எழுதி ஒரு பேப்பர்லகூட நான் ஃபெயில் ஆனதில்லை. ஒரே ஒண்ணுல போச்சு, அன்னைக்குப் போட்டிருந்தது பச்சை. வேணும்னா மார்க் ஷீட் கொண்டாந்து காட்டறேன். வேலை கிடைக்கலை, உண்மைதான். ஆனா இன்டர்வியூவுக்கு நான் இதைப் போட்டுட்டே போகலையே? போடாத துணிமேல எப்படிக் குத்தம் சொல்வீங்க? கிடைக்காதது புடவையால. துணியைச் சொல்லாதீங்க. எங்க வம்சத்துல யாருமே ஏறாத படி, நான் இந்தத் துணியோடதான் ஏறினேன். குழந்தை தூங்கணும்னா தானாத் தூங்கும். அதுக்கு எதுக்குங்க இன்னொருத்தர் சட்டை?" இன்னும் என்னென்னமோ சொன்னேன். நிகழ்தகவுகூடச் சொன்னேன்னு நினைக்கிறேன்.

ராமாத்தாள் நான் முடிக்கற வரைக்கும் பார்த்துட்டு, "இத்தனை பெரிய வாயை வச்சுட்டு உனக்கு எவன் வேலை குடுக்காம உட்டான்?"ன்னு கேட்டாங்க.

அப்பத்தான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த பொண்ணு திரும்பினா. ஜீவிதான்னு பேரு.

"அத்தை, அந்த மெத்தை இருக்கட்டும்."

"அவளுக்கு வேலையே கெடைக்கலையாமா."

"கெடைக்காட்டிப் போகுது. இந்த வார்டுல உங்ககிட்ட இவ்வளவு நேரம் நின்னு பேசுன மொத ஆளு இதுதானுங்க. எனக்கு அது போதும்."

சத்தம் கேட்டு வந்திருந்த நர்ஸம்மா ஊசி டப்பாவுக்குள்ள எதையோ தேடற மாதிரி குனிஞ்சுக்கிட்டாங்க, தோள் குலுங்குச்சு. ராமாத்தாள் ஸ்டூல்ல இருந்த டீயை எடுத்து ஒரு வாய் குடிச்சாங்க. "டீ ஆறிப்போச்சு"ன்னாங்க. அவ்வளவுதான். அதே நேரத்துல குழந்தை என் நீலத்துமேல ஒண்ணுக்குப் போச்சு. அதுக்கப்புறம் அதுல ஓரம் வெட்டுறதுக்கு எனக்கும் மனசு வரலை.

அதுக்குள்ள அம்மாயி வந்துருச்சு, கையில எங்கம்மாவோட ஃபிளாஸ்க். என்னைப் பார்த்து ஏன் வந்தேன்னு ஒரு வார்த்தை கேட்கலை. "டிரிம்மர் கொண்டாந்தயா? நல்லதாப் போச்சு"ன்னு வாங்கி, மடியில இருந்த வேற ஒரு மெத்தையில நூலு வெட்ட ஆரம்பிச்சிருச்சு. "சும்மாதானே நிக்கறே. இவங்களுக்கு மருந்துச் சீட்டைப் படிச்சுச் சொல்லு. எதைச் சோத்துக்கு முன்னாடி, எதைப் பொறவுன்னு ஆளுக்கொண்ணு சொல்லிட்டு இருக்கறாங்க." சாயங்காலம் வரைக்கும் பெட்டு பெட்டா படிச்சுச் சொன்னேன். படிப்புல எனக்குக் கிடைச்ச முதல் வேலை அதுதான்னு வச்சுக்கலாம். சம்பளம் ஒரு வாழைப்பழம்.

கிளம்பறப்ப ஜீவிதா கூப்பிட்டா. தலைமாட்டுல மடிச்சு வச்சிருந்த இந்தத் துப்பட்டாவை எடுத்து நீட்டினா.

"உங்க துணி எங்ககிட்ட இருக்குது. நீங்க வெறுங்கையா போகக் கூடாதுல்லங்க."

"வேண்டாங்க, புதுசு மாதிரி இருக்கே."

"ரெண்டு மூணு தடவைதான் போட்டிருக்கறேன். பி.காம். சேர்ந்தேன். மொத செமஸ்டர் கடைசிப் பரீட்சைக்கு இதைத்தான் போட்டுட்டுப் போனேன். அன்னைக்கு அப்படியே மண்டபத்துக்குப் போகோணும், என்ற நிச்சயம். அதுதான் ஜிகினா."

"ரிசல்ட் என்னாச்சு?"

"பாக்கலைங்க. பரீட்சை நம்பர் மட்டும் ஞாபகம் இருக்குது." சொல்லிக் காட்டினா. நிறுத்தாம, ஒரே மூச்சுல சொன்னா.

இப்பப் புரியுதுங்களா, இந்த ஜிகினா ஏன்னு? பாஸா ஃபெயிலான்னே தெரியாத துப்பட்டா. நேத்து உட்கார்ந்து நெட்டுல அந்த நம்பரைப் போட்டுப் பார்க்கலாமான்னு யோசிச்சேன். பார்க்கலை. ஃபெயில்னு வந்துட்டா இன்னைக்கு இதைப் போட முடியாதில்லைங்களா? ராசிக்குச் சொல்லலை. மனசு சங்கடமா இருக்கும், அதுக்குச் சொல்றேன். இன்டர்வியூ முடிஞ்சதும் பார்த்துட்டு, நேரா போய் அவகிட்டச் சொல்லணும். எதுவா இருந்தாலும் சொல்லணும். குழந்தைக்குக் கொஞ்சம் மாசம் ஆயிட்டா அவளே மேல எழுதலாம், நான் சொல்லித் தர்றேன்னு சொல்லியிருக்கேன். அவ சரின்னுட்டா. ராமாத்தாள் இன்னும் சொல்லலை. அவங்ககிட்ட நான் பேசிக்கறேன்.

என்னங்க? இதே மாதிரி அங்க போய் பேசணுமா? நீங்களும் அந்த ராமாத்தாள் மாதிரியே சொல்றீங்களே. அங்க போய் வாட்ச்மேன் சட்டையைப் பத்தியெல்லாம் பேச முடியுங்களா? 'உங்களைப் பத்திச் சொல்லுங்க'ன்னு கேட்டா என்னைப் பத்தித்தான் சொல்லணும். இவ்வளவு நேரம் நான் எங்க என்னைப் பத்திச் சொன்னேன்? எல்லாம் அம்மாயியைப் பத்தித்தானே.

நீலாம்பூர் தாண்டியாச்சா? ஹோப்ஸ் வரப்போகுது, எழுந்துக்கணும். பையைக் கொஞ்சம் நகர்த்திக்கோங்க அக்கா. என்ன இது, மாங்காயா? நானும் ஏறினதில இருந்து வாசம் வருதேன்னு பார்த்தேன். மகளுக்கா? மாசமா இருக்காங்களா? அட, சொல்லவே இல்லையே. எந்த ஊர்ல கொடுத்திருக்கீங்க? சிங்காநல்லூரா? ரொம்ப சந்தோஷங்க.

இல்லைங்க அக்கா, கூச்சப்படாம கேளுங்க, நடுத்துண்டுக்குத்தானே? எங்கம்மாயிகிட்ட எல்லாரும் கேட்கறதுதானே. ஆனா துப்பட்டாவை மட்டும் கேட்காதீங்க, இது எனக்கு வேணும். நாளைக்குப் பின்ன எவ்வளவோ பரீட்சை இருக்கு. இந்த மஞ்சள் சுடிதாரைத் தர்றேன். எங்க வீடு அவிநாசியில, அந்த ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதுத்தாப்பல சந்து, பாவாத்தா வீடுன்னு கேட்டா குழந்தைகூடக் கொண்டாந்து விடும். மெத்தையை வெந்நீர்ல அலசுங்க, சோப்பு வேண்டாம். நிழல்ல காய வைங்க. நடுத்துண்டு மேல் பக்கமா இருக்கணும், மாத்திப் போட்டுறாதீங்க.

பையன் பிறந்தா வக்கீல் வேட்டி வாங்கித் தர்றேன். பொண்ணு பிறந்தா இந்த மஞ்சள். வேலை கிடைச்சாலும் இதுதான், கிடைக்கலைன்னாலும் இதுதான். யாராவது வாட்ச்மேன் சட்டையைக் கொடுத்தா மட்டும் வாங்கிடாதீங்க அக்கா.

பொம்பளப் புள்ளைக்கு அவ்வளவு தூக்கம் ஆகாது.